உப்பிய பாக்கெட்டும் ஒடுங்கிய பாக்கெட்டும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது மூன்று. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு. ஐவரில் ஒருவர்கூட எந்தத் தாளிலும் பெருவிரல் வைத்ததில்லை. நான் வைத்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல்தான் பெயர் எழுதக் கற்றேன். எண்கள் வாசிப்பேன், பெட்டியில் ஒட்டிய சீட்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் போகாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தேயிலை ஸ்டோரில், நம் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, இது உங்களுக்கு. பன்னிரண்டு வருடம் மலையில் கொழுந்து எடுத்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் பாக்கெட்டுக்கு வாய் ஒட்டினேன். கடைசி எட்டு வருடம் அந்த அறைக்கே நான்தான் பொறுப்பு. உங்கள் மெஷினில் இப்போது வெளிச்சத் தட்டு இருக்கிறது, தப்பு வந்தால் தானே கத்துகிறது என்கிறார்கள். நல்லது. எங்கள் மெஷின் கத்தாது. அதனால் எங்களுக்குக் காது வேறு மாதிரி வளர்ந்தது.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு சிங்களவர், மெஷின் பார்க்கிற பாஸ். மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் காட்டினார். வெளியே படம் போட்ட தாள், நடுவில் வெள்ளிபோல மினுங்குகிற தகடு, உள்ளே கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக்.

"அக்கா, இது பசை இல்ல. பசை எங்கயும் இல்ல. உள்ள பிளாஸ்டிக் உருகி, அதே பிளாஸ்டிக்கோட சேருறது. நடுவுல ஒரு முடி வந்தாலும் சேராது."

அவ்வளவுதான் பாடம். இரண்டு இரும்புச் சட்டங்கள் சூடாகி, பாக்கெட்டின் வாயை நடுவில் வைத்து நெரிக்கும். அதை சீல் பார் என்போம். அதன் முகத்தில் சீப்பு இழுத்தது போல வரி வரியாக இருக்கும். நன்றாக ஒட்டிய பாக்கெட்டின் வாயிலும் அதே வரி பதிந்திருக்கும். காற்று காய்ந்த மாதங்களில் பிளாஸ்டிக்கைக் கையால் தடவினாலே தேயிலைத் தூள் பறந்து வந்து வாயில் ஒட்டிக்கொள்ளும். துடைக்காமல் நெரித்தால் போச்சு. ஊசிக்கண் அளவு வழி போதும், ஈரம் உள்ளே போய் ஒரு மாதத்தில் தேயிலை சாக்கு மணக்கும்.

தூளைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் பாஸ் ஓய்வு பெற்றுப் போனார். அந்த வருட ஆயுத பூசை என் கைக்கு வந்தது. பாஸ் புத்த சமயத்தவர். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சந்தனக் கிண்ணத்தை எங்களிடமிருந்து வாங்கி, மெஷின்களுக்கு அவரே பொட்டு வைப்பார். எப்போதும் மெஷின் கதவில்தான் வைப்பார். இவருக்கு நம் முறை தெரியாது, பாவம், எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

எங்களிடம் இரண்டு மெஷின்கள். ஒன்றாம் நம்பரில் சுகந்தி, இரண்டாம் நம்பரில் பாக்கியம். அன்று பூசைக்கு மெஷினையெல்லாம் நிறுத்திக் கழுவினோம். பாக்கியம் தட்டைப் பிடிக்க, நான் ஒன்றாம் நம்பரின் சீல் பாரில், நட்ட நடுவில், மோதிர விரலால் குளிரக் குளிரச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்தேன். சாப்பாடு போடுகிற இடம் அதுதானே, அதை விட்டுவிட்டுக் கதவுக்கு எதற்குப் பொட்டு என்று நினைத்தேன். இரண்டாம் நம்பர் மதியம் வரை ஓடியதால் அதன் பாரில் சூடு ஆறவில்லை. அதனால் அதற்குக் கதவில் வைத்தேன்.

மறுநாள் காலையில் நானே ஈரத் துணியால் ஒன்றாம் நம்பர் பாரைத் துடைத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. வேலை தொடங்கினோம். வழக்கம்போலப் பத்துக்கு ஒன்றாக எடுத்துக் கையால் அமுக்கிப் பார்த்தோம். எல்லாம் கல்லுப்போல நின்றன. அந்த வாரச் சரக்கு கொழும்புக்குப் போனது.

ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. வாங்குகிற கம்பனியின் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் பேசினார். பாதிப் பெட்டியில் பாக்கெட்டெல்லாம் கன்னம் ஒட்டிப் போய்க் கிடக்கிறது, காற்றுப் போய்விட்டது, அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறோம், மற்றப் பாதி நல்லா இருக்கிறது, அதைக் கப்பலுக்கு அனுப்பப் போகிறோம், வந்து பாருங்கள் என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியவர் பெயர்ச் சீட்டு இருக்கும். ஒடுங்கிப் போனதெல்லாம் பாக்கியத்தின் பெட்டி.

பாக்கியம் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இருவது வருசமா ஒட்டுறேன். எங்கைய பாருங்க, சூட்டுத் தழும்பு எத்தனைன்னு எண்ணுங்க. நான் ஒட்டுனது ஒடைஞ்சிச்சா? சொல்றவன் வாய்க்குத்தான் சீல் வெக்கணும்!"

"கொழும்புக்காரன் வாய் இங்கருந்து எட்டாதுடி," என்றேன். "நான் போயிட்டு வர்றேன்."

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அப்போது சின்ன வயசுக்காரர். அவர் வேனில் நானும் ஏறினேன். றொசல்லயில் மழை. கையில் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொண்டு போனேன். வட்டவளை தாண்டுவதற்குள் குடித்து முடித்து, மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மலை இறங்கி அவிசாவளைக்கு வரும்போது அது மடியிலேயே 'டொக்' என்று சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் போத்தலின் விலா உள்ளே போயிருந்தது. யாரும் அமுக்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு அட்டன் கடைகள் நினைவுக்கு வந்தன. கொழும்பிலிருந்து வருகிற, கொறிக்கிற பொரியல் பாக்கெட்டெல்லாம் நம் ஊர்க் கடையில் தலையணை போல உப்பித் தொங்குமே, அது. கீழே அடைத்தது மேலே வந்தால் உப்புகிறது. அப்படியானால் மேலே அடைத்தது கீழே போனால்?

களஞ்சியத்தில் வெக்கை. பொறுப்பாளர் தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். இரண்டு அடுக்காகப் பெட்டிகளைப் பிரித்து வைத்திருந்தார். நான் ஒடுங்கிய பாக்கெட் ஒன்றையும் உப்பலாக இருந்த ஒன்றையும் எடுத்து, பக்கத்தில் என் போத்தலையும் வைத்தேன்.

"ஐயா, இந்த போத்தல்ல ஓட்டை இருக்குதா?"

அவர் எடுத்துப் பார்த்தார். மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், போத்தல் நிமிர்ந்துகொண்டது.

"இப்பதான் அதுக்கு வாய் தொறந்திச்சு," என்றேன். "வாய் நல்லா மூடியிருந்த வரைக்கும் ஒடுங்கிக் கெடந்திச்சு. எங்க ஊரு காத்து லேசு. அத அடைச்சி இங்க கொண்டாந்தா, ஒங்க ஊரு காத்து வெளியருந்து அமுக்குது. ஒடுங்குனதுதான் நல்ல பாக்கெட்டு. உப்பலா நிக்குது பாருங்க, அது வழியில ஒங்க காத்த உள்ள வாங்கிருச்சு."

"அப்ப நாங்க கப்பலுக்கு வெச்சிருக்கிறது எல்லாம்?"

"அதுதாங்க ஓட்டை."

அவர் சிரித்தார். டீமேக்கர் சிரிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். ஒடுங்கிய பாக்கெட்டை முக்கி அமுக்கினோம், ஒன்றும் வரவில்லை. உப்பியதை முக்கி அமுக்கினோம். வாயிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. அடுத்ததிலும் வந்தது. பத்து பாக்கெட் முக்கினோம், பத்திலும் வந்தது. பொறுப்பாளர் ஓடிப்போய்க் கப்பல் சரக்கை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து எனக்கு நாற்காலி போட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளே, அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்தேன் தெரியுமா? தோட்டத்தையே நடத்துகிற துரை மாதிரி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தபடியே ஒரு பாக்கெட்டின் வாயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வரி வரியாகப் பதிந்திருந்த சீலில், நட்ட நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் வரி இல்லை, வழுவழுவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதே இடம், அதே வட்டம். குமிழியெல்லாம் அங்கிருந்துதான் வந்திருந்தது.

அது என் மோதிர விரல். சந்தனம் வரிக்குள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. நான் மேலே துடைத்திருக்கிறேன். சூட்டில் வெந்து இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் சூடும் இறங்கவில்லை, அழுத்தமும் இறங்கவில்லை. அந்த வாரம் ஒன்றாம் நம்பர் ஒட்டிய அத்தனை பாக்கெட்டின் நெற்றியிலும் நான் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

டீமேக்கர் அதற்குள் பெட்டிச் சீட்டைப் பார்த்துவிட்டார். "எல்லாம் சுகந்தி ஒட்டினது. சூட்ட கொறைச்சி வெச்சிருக்கா. வேகமா ஒட்டலாம்னு பாத்திருப்பா," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

சுகந்தி யார் என்று சொல்ல வேண்டும். வந்து ஐந்து மாதம் ஆன பிள்ளை. இன்னும் பெயர் பதியவில்லை. அன்றன்று கூப்பிட்டால்தான் வேலை. அவள் அம்மாவுக்கு முழங்கால் போய் மலை ஏற முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த ஓர் அறை வீட்டில், லயத்துக் காம்பிராவில், இருக்கலாம் என்று அப்போது கண்டிப்பாக இருந்தார்கள். அந்த மாதம் அவள் பெயர் பதிய வேண்டும். பதியாவிட்டால் அம்மாவும் மகளும் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது? அவர்களுக்கு வேறு ஊர் இல்லை.

திரும்பும் வழியில் கித்துல்கலயில் ஒரு கடையில் தேநீர் குடிக்க இறங்கினோம். டீமேக்கர் சொன்னார்:

"அந்த புள்ள பேர பதியச் சொல்லி கடிதம் எழுதி மேசையில வெச்சிருக்கேன். நல்ல வேளை, இன்னும் அனுப்பல."

"ஐயா, சூடு கொறைஞ்சா சீல் முழுக்க வலுவில்லாம வரும். இது ஒரு எடத்துல மட்டும்தான் விட்டிருக்கு."

"அப்ப தூசி. தொடைக்காததும் அவதானே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாதியைச் சொன்னால் அந்தப் பாதியும் அவள் தலையில்தான் விழும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தூசி இல்லீங்க. சந்தனம். பூசைக்கு நான்தான் பார் மேல வெச்சேன். தொடைச்சதும் நான்தான். சரியா தொடைக்கல."

அவர் தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"சொல்லாதீங்கக்கா. தொரை காதுக்கு போச்சுன்னா அடுத்த வருசம் பேக்கிங் ரூமுக்குள்ள பூசையே கூடாதும்பாரு. அப்புறம் அத்தன பொம்பளைங்களும் என்னையும் ஒங்களையும் பிச்சிருவாங்க. அந்த புள்ள சின்ன வயசு. வேற வேல கெடைக்கும்."

"வேல கெடைக்கும். காம்பிரா?"

அவர் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வேனுக்கு நடந்தார். கெட்ட மனுசன் இல்லை அவர். அவருக்கும் மேலே கேட்க ஆள் இருந்தது. கினிகத்தேனைக்கு ஏறும்போது, மழைச் சத்தத்துக்கு மேலே சொன்னார்: "காலையில மெஷின தொறந்து பாப்பம். சந்தனம் இருந்தா ஒங்க பேர எழுதுறேன். இல்லாட்டி சீட்டுல இருக்கிற பேரத்தான் எழுத முடியும்."

சரி என்றேன். சந்தனம் எங்கே போகப் போகிறது, வரிக்குள்ளேதானே இருக்கும்.

காலையில் போய்ப் பார்த்தால் சீல் பார் பளபளவென்று இருந்தது. கொழும்பிலிருந்து டீமேக்கர் போன் பண்ணி, கோளாறு ஒன்றாம் நம்பரில் என்று சொல்லியிருக்கிறார். சுகந்தி பயந்து போய், பித்தளைத் தூரிகையால் வரி வரியாகத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்துவிட்டாள். அந்தத் தூள் எல்லாம் குப்பையோடு போய்விட்டது.

"நல்லா தேய்ச்சிட்டேங்க," என்றாள் டீமேக்கரிடம். தன் பெயரை அழிப்பதற்குத் தானே தேய்த்துக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

டீமேக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது விட்டுவிட்டால் முடிந்தது, யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நான் கொழும்பிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்து, அந்த வட்டத்தின் மேல் என் மோதிர விரலை வைத்தேன். கொழும்பில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பொட்டு வைத்தது நான் என்றும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, "சாமிக்கு வெச்ச பொட்டு மேலயா பழிய போடுறீங்க?" என்றாள்.

"சாமி மேல போடல. என் மேலதான் போட்டுக்கிறேன்."

டீமேக்கர், "நீங்க சொல்றீங்க. ஆனா பார்ல ஒண்ணும் இல்லையேக்கா," என்றார். அப்போது பாக்கியம் முன்னால் வந்தாள். அவள் தலைக்கு வந்தது நேற்றே போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஐயா, இங்க வந்து ரெண்டாம் நம்பர் கதவ பாருங்க. பொட்டுக் கறை இருக்குதா? இருக்கு. இப்ப ஒண்ணாம் நம்பர் கதவ பாருங்க. இருக்குதா?"

இல்லை.

"கதவுல வெச்ச பொட்ட பொங்கல் வரைக்கும் நாங்க தொடைக்க மாட்டோம். அப்ப ஒண்ணாம் நம்பருக்கு பொட்டு எங்க? பூசையன்னிக்கு ஒரு மெஷின மட்டும் மூளியா வுட்டுட்டு நாங்க வீட்டுக்கு போயிட்டோமா? எங்கள பாத்தா அப்பிடியா தெரியுது? தட்ட புடிச்சவ நான். அக்கா வெச்சத பாத்தவ நான். என்னையும் எழுதிக்கங்க."

டீமேக்கர் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க பாக்கியம், ஒத்துக்கிறேன்," என்றார்.

அவர் போன பிறகு நான் சுகந்தியிடம் போனேன். அழுவாள், கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து கொழும்புலயே ஒங்களுக்கு தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அங்கருந்தே ஒரு போன் போட்டிருக்கலாம். எங்கம்மா நேத்தே சாமானத்த மூட்டை கட்ட ஆரம்பிச்சிருச்சு."

அன்று வேலை முடிந்ததும் அவள் காம்பிராவுக்குப் போய், அவள் அம்மாவோடு உட்கார்ந்து அந்த மூட்டைகளை அவிழ்த்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு பாத்திரமாக என் கையில் கொடுத்து, எது எங்கே என்று சொன்னார். நான் எடுத்து வைத்தேன்.

சுகந்தியின் பெயர் அந்த மாதமே பதிந்தது. என் பொறுப்பை எடுத்து ஆறு மாதம் பாக்கியத்திடம் கொடுத்தார்கள். நான் பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். பூசையைத் துரை நிறுத்தவில்லை. பொட்டு கதவில் மட்டும் என்று சொன்னார். பாக்கியம் அந்த ஆறு மாதமும், "அக்கா, லேபிள் கோணலா இருக்கு," என்று என்னைப் படுத்தி எடுத்தாள். நேராகத்தான் ஒட்டியிருந்தேன்.

ஒரு நாள் அட்டன் பஸ் நிலையத்தில் பாஸைக் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் பாஸ், கதவுலதான் வெக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"ஒங்க சாமி காரியம். நம்ம எப்பிடி சொல்றது? நீங்க கேட்டா சொல்லுவேன். நீங்க கேக்கல்லதானே."

கேட்கவில்லை. இருபத்து நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிள்ளைகளே, உங்களுக்கு முன்னால் அந்த மெஷினில் நின்றவர் ஒரு காரியத்தை விசித்திரமாகச் செய்தால், ஏன் என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்குப் பிறகு வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். கீழே போன பாக்கெட் உப்பலாக இருந்தால் சந்தோசப்படாதீர்கள். தப்பு உங்கள் கையால் நடந்தது என்று தெரிந்தால், தெரிந்த இடத்திலேயே சொல்லுங்கள். நான் கித்துல்கல வரைக்கும் கொண்டு போனேன், அதற்குள் ஒரு வீட்டில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

எழுதிட்டியா கண்ணு? மொதல்லேர்ந்து வேணாம். தேத்தண்ணி கடையில நான் டீமேக்கர்கிட்ட சொன்னேன் பாரு, அந்த எடத்த வாசி. ஒனக்குப் பாட்டி மேல பாசம். "சந்தனம் வைக்கப்பட்டது"ன்னு எதையாவது அழகா எழுதியிருப்ப. எழுதியிருந்தா வெட்டிட்டு, "நான்தான் வெச்சேன்"னு போடு. போட்டுட்டு சத்தமா வாசி, கேக்குறேன்.